பொதிக்குள் ஓடும் ஸ்கிரிப்ட்டுக்கும் சார்பு உண்டு: எது வேண்டும், எப்போது வேண்டும்

லினக்ஸில் ஒரு பொதியை, அதாவது பேக்கேஜை, நிறுவும்போது அதிலுள்ள கோப்புகள் வட்டுக்கு வருகின்றன. கூடவே சில சிறிய ஸ்கிரிப்ட்களும் ஓடுகின்றன: கோப்புகளை வைப்பதற்கு முன் ஒன்று, வைத்த பின் ஒன்று, நீக்குவதற்கு முன் ஒன்று, நீக்கிய பின் ஒன்று. நான்கும் எல்லாப் பொதியிலும் இருக்க வேண்டியதில்லை. இருப்பவை ரூட் உரிமையோடு, அதாவது கணினியின் முழு நிர்வாக உரிமையோடு, ஓடும். அவை பிற கட்டளைகளை அழைக்கும். அந்தக் கட்டளைகள் வேறு பொதிகளிலிருந்து வருபவை. அழைக்கும் நேரத்தில் அவை கணினியில் இல்லையென்றால் நிறுவல் பாதியில் நிற்கும். சில சமயம் குறை வெளியே தெரியாமலேயே நிறுவல் முடிந்துவிடும். அது இன்னும் மோசம்.

பொதி செய்யப் பழகுபவர்கள் பெரும்பாலும் நிரலுக்கு எது தேவை என்று மட்டும் யோசித்துச் சார்புப் பட்டியலை, அதாவது இந்தப் பொதிக்கு வேறு எந்தப் பொதிகள் வேண்டும் என்ற பட்டியலை, எழுதுகிறார்கள். ஸ்கிரிப்ட்டுக்கு எது தேவை, அதுவும் எந்தக் கட்டத்தில் தேவை என்ற கேள்வி விட்டுப்போகிறது. பந்தி முடிந்த பிறகு வாழை இலை வந்து பயனில்லை. நிறுவலின் கடைசியில் எல்லாப் பொதிகளும் வந்து சேர்ந்துவிட்டாலும், நடுவில் ஓடிய ஸ்கிரிப்ட்டுக்கு அவை கிடைக்காமல் போயிருக்கலாம்.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளையும் புலப்பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். முனையத்தில் தட்டும்போது அவற்றின் வழக்கமான எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துங்கள்.

ஒரு எடுத்துக்காட்டுப் பொதி

சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டத்தை நாள்தோறும் பதிந்துவைக்கும் ஒரு சிறு சேவையைக் கற்பனை செய்துகொள்வோம். பொதியின் பெயர் ஏரிமட்டம். நிரல் பைத்தானில் எழுதப்பட்டது. தரவைச் சேமிப்பது எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில். சேவை ரூட்டாக ஓடக்கூடாது என்பதால் அதற்கென்று ஏரி என்ற பெயரில் ஒரு சிஸ்டம் பயனர் வேண்டும். அந்தப் பயனருக்குச் சொந்தமான ஒரு கோப்புறை வேண்டும். நிறுவிய உடனே தரவுத்தளத்தில் ஓர் அட்டவணை உருவாகி, அதில் ஒவ்வொரு ஏரியின் முழு உயரமும் எழுதப்பட்டிருக்க வேண்டும்: செங்குன்றத்துக்கு 21.20 அடி, செம்பரம்பாக்கத்துக்கு 24 அடி என்பதுபோல. கடைசியாக, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியே இந்தச் சேவையைத் தொடங்க வேண்டும்.

இதை எழுதியவரின் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடும். புதிய கணினியில் ஓடாது. காரணம் நுட்பமானது. பைத்தான் நிரல் எஸ்க்யூலைட்டைத் தன் நூலகம் வழியாகவே பயன்படுத்துகிறது. அந்த நூலகம் பைத்தானோடு தானாக வந்துவிடும். ஆனால் நிறுவல் ஸ்கிரிப்ட் அட்டவணையை உருவாக்க எஸ்க்யூலைட்3 என்ற முனையக் கட்டளையை அழைக்கிறது. அது தனிப் பொதி. டெபியனில் அந்தப் பொதிக்கும் எஸ்க்யூலைட்3 என்றே பெயர். ஃபெடோராவில் எஸ்க்யூலைட் என்று பெயர், நூலகம் மட்டும் இருப்பது எஸ்க்யூலைட்-லிப்ஸ் என்ற இன்னொரு பொதியில். நிரலை உருவாக்கியவர் தரவைப் பார்க்க அந்தக் கட்டளையை எப்போதோ நிறுவியிருப்பார். அதனால் குறை அவர் கண்ணில் படவே படாது. நிரலுக்குத் தேவைப்படாத ஒன்று ஸ்கிரிப்ட்டுக்கு மட்டும் தேவைப்படுவது இப்படித்தான்.

டெபியனிலும் உபுண்டுவிலும் இந்தப் பொதியை வெறும் கணினியில் நிறுவினால், எஸ்க்யூலைட்3 கிடைக்கவில்லை என்று, கட்டளைகளை ஓட்டும் ஷெல் சொல்லும். அடுத்து, நிறுவலுக்குப் பிந்தைய ஸ்கிரிப்ட் 127 என்ற பிழை எண்ணோடு முடிந்ததாக, அங்கே பொதிகளை நிறுவும் கருவியான டிபிகேஜி அறிவிக்கும். 127 என்றால் அழைத்த கட்டளை கிடைக்கவில்லை என்று பொருள். 126 என்றால் கோப்பு இருக்கிறது, இயக்க முடியவில்லை. இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்தால் பிழைச் செய்திகளில் பாதி புரிந்துவிடும். பொதி அரைகுறையாக அமைக்கப்பட்ட நிலையில் தொங்கும். டிபிகேஜி பட்டியலில் அதன் வரி ஐ, எஃப் என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும். அதற்குப் பிறகு வேறு எந்தப் பொதியை நிறுவப் போனாலும், பொதிகளை இறக்கி டிபிகேஜியிடம் தரும் ஆப்ட் இதையும் மறுபடி அமைக்க முயன்று, அதே பிழையோடு நிற்கும். கல்லூரி ஆய்வகத்தில் 40 கணினிகளுக்கு ஒரே நேரத்தில் நிறுவினால் 40 கணினிகளிலும் இதே சிக்கல்.

ஃபெடோரா, ரெட் ஹாட் போன்ற ஆர்பிஎம் குடும்பத்தில் இதே தவறு வேறு முகம் காட்டும். கோப்புகளை வைத்த பின் ஓடும் ஸ்கிரிப்ட் தோற்றால் ஆர்பிஎம் ஒரு எச்சரிக்கை வரியை அச்சிட்டுவிட்டுத் தொடரும். பொதி நிறுவப்பட்டதாகவே கணக்கில் ஏறும். அட்டவணை மட்டும் இருக்காது. நீண்ட வெளியீட்டின் நடுவே அந்த ஒரு வரியை யாரும் கவனிப்பதில்லை.

டெபியன் குடும்பத்தில்

டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் எல்லாவற்றுக்கும் விதி ஒன்றே. இந்தியாவில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் முதலில் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்தது. இங்கே சொல்வது அதற்கும் பொருந்தும்.

நான்கு ஸ்கிரிப்ட்களின் பெயர்கள் பிரீஇன்ஸ்ட், போஸ்ட்இன்ஸ்ட், பிரீஆர்எம், போஸ்ட்ஆர்எம். ஏற்கெனவே நிறுவிய பொதிகளின் ஸ்கிரிப்ட்கள் வார், லிப், டிபிகேஜி, இன்ஃபோ என்ற கோப்புறைப் பாதையில் இருக்கும். நான்கைந்தைத் திறந்து படித்துப் பாருங்கள். எந்தப் பாடத்தையும்விட அது நன்றாகக் கற்றுத்தரும்.

ஆப்ட் பல பொதிகளைச் சேர்த்து நிறுவும்போது வேலை இரண்டு படிகளாக நடக்கிறது. முதலில் கோப்புகளைப் பிரித்து வட்டில் வைப்பது. பிறகு ஒவ்வொன்றையும் அமைப்பது, அதாவது போஸ்ட்இன்ஸ்ட்டை ஓட்டுவது. டிபெண்ட்ஸ் என்ற புலத்தில் நீங்கள் எழுதும் பொதிகள் இந்த இரண்டாம் படிக்குத்தான் உத்தரவாதம் தருகின்றன. உங்கள் போஸ்ட்இன்ஸ்ட் ஓடும் முன் அவை பிரிக்கப்பட்டு, அமைக்கவும்பட்டிருக்கும். ஆகவே ஏரிமட்டத்தின் டிபெண்ட்ஸ் வரியில் பைத்தான்3, பயனரை உருவாக்கும் ஆட்யூசர், எஸ்க்யூலைட்3 மூன்றும் இருக்க வேண்டும். முதலாவது நிரலுக்காக, மற்ற இரண்டும் ஸ்கிரிப்ட்டுக்காக. எதற்காக எது என்று ஒரு கருத்துரை வரியும் எழுதிவைத்தால் நல்லது. இல்லாவிட்டால் அடுத்து பராமரிக்க வருபவர், நிரலில் எங்கும் பயன்படவில்லையே என்று அதை நீக்கிவிடுவார்.

பிரீஇன்ஸ்ட் ஓடுவது கோப்புகளைப் பிரிக்கும் முன்பே. அந்த நேரத்தில் டிபெண்ட்ஸில் உள்ள எதுவும் கணினியில் இல்லாமல் இருக்கலாம். அங்கே நம்பத்தக்கவை இரண்டுதான். ஒன்று, எஸென்ஷியல் என்று குறிக்கப்பட்ட அடிப்படைப் பொதிகள்: கோர்யூட்டில்ஸ், செட், கிரெப், டார், பாஷ், டாஷ், பெர்ல்-பேஸ் போன்றவை. இவை எப்போதும் இருக்கும், அமைக்கப்படாத நிலையிலும் வேலை செய்யும் என்பது டெபியன் கொள்கை ஆவணத்தின் விதி. குறிப்பிட்ட பதிப்பு வேண்டுமென்றால் தவிர இவற்றைச் சார்பாக எழுதத் தேவையில்லை. இரண்டாவது, பிரீ-டிபெண்ட்ஸ் புலத்தில் எழுதியவை. பிரீ-டிபெண்ட்ஸில் உள்ள பொதி முழுமையாக அமைக்கப்பட்ட பிறகே உங்கள் பொதியைப் பிரிக்கவே தொடங்குவார்கள்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் பிரீ-டிபெண்ட்ஸில் போட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒவ்வொரு பிரீ-டிபெண்ட்ஸும் ஆப்ட்டின் கையைக் கட்டுகிறது. பெரிய மேம்படுத்தலின்போது, உதாரணமாக டெபியன் 12இலிருந்து 13க்குப் போகும்போது, நூற்றுக்கணக்கான பொதிகளை எந்த வரிசையில் பிரிப்பது என்று அது கணக்கிட வேண்டும். இறுக்கமான வரிசைகள் கூடக்கூட வழி கிடைக்காமல் போகும். சாதாரணச் சார்பில் சுழல் வந்தால் எங்காவது வெட்டிக்கொள்ளலாம். பிரீ-டிபெண்ட்ஸில் வெட்ட வழியில்லை. அதனால்தான் டெபியனில் ஒரு புதிய பிரீ-டிபெண்ட்ஸைச் சேர்க்கும் முன் மேம்பாட்டாளர்களிடையே பேசி ஒப்புதல் பெற வேண்டும் என்று விதியே இருக்கிறது. பெரும்பாலும் அந்த வேலையை பிரீஇன்ஸ்ட்டிலிருந்து போஸ்ட்இன்ஸ்ட்டுக்கு நகர்த்தினாலே சிக்கல் தீர்ந்துவிடும். ஏரிமட்டத்தில் பயனரை உருவாக்குவதும் கோப்புறையின் உரிமையை மாற்றுவதும் போஸ்ட்இன்ஸ்ட்டில்தான் இருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: ஆட்யூசர் எஸென்ஷியல் பொதி அல்ல. எல்லாக் கணினியிலும் இருப்பதுபோலத் தோன்றுவதால் அதை எழுத மறந்துவிடுவார்கள். பைத்தானும் அப்படியே. முழு பெர்லும் அப்படியே. பெர்ல்-பேஸில் இருக்கும் சில மாட்யூல்கள் மட்டுமே உத்தரவாதம்.

நீக்கும்போது நிலைமை இன்னும் தளர்வானது. பிரீஆர்எம் ஓடும்போது சார்புகள் பொதுவாக இருக்கும். போஸ்ட்ஆர்எம் ஓடும்போது இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒருவர் இன்று பொதியை நீக்கி, மூன்று மாதம் கழித்து அமைப்புக் கோப்புகளையும் சேர்த்துத் துடைக்கலாம். பர்ஜ் என்பது அது. அந்த மூன்று மாதத்தில் யாராவது ஆப்ட் ஆட்டோரிமூவ் ஓட்டித் தேவையற்ற பொதிகளை நீக்கியிருக்கலாம். ஆகவே போஸ்ட்ஆர்எம்மில் எஸென்ஷியல் அல்லாத எந்தக் கட்டளையையும் நேராக அழைக்கக்கூடாது. கமாண்ட் -வி என்ற ஷெல்லின் உள்கட்டளையால் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஓட்டி, இல்லாவிட்டால் அமைதியாகத் தாண்டிப்போக வேண்டும். நிறுவும்போது பயனரிடம் கேள்வி கேட்க உதவும் டெப்கான்ஃபைப் பயன்படுத்தும் பொதிகளும் அதன் கோப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே போஸ்ட்ஆர்எம்மில் அதை அழைக்கின்றன.

பொதி கட்ட உதவும் டெப்ஹெல்பர் கருவிகளைப் பயன்படுத்துபவர்கள் டிபெண்ட்ஸ் வரியில் மிஸ்க்:டிபெண்ட்ஸ் என்ற மாறியைத் தவறாமல் எழுத வேண்டும். டெப்ஹெல்பர் உங்கள் ஸ்கிரிப்ட்டில் தானாகச் சேர்க்கும் துண்டுகளுக்குத் தேவையான பொதிகளை அந்த மாறி வழியாகத்தான் அது சேர்க்கிறது. மாறி இல்லையென்றால் துண்டு வரும், சார்பு வராது. பொதிகளில் குறை தேடும் லின்டியன் கருவி இதை எச்சரிக்கும். ஆனால் நீங்களே கையால் எழுதிய வரிகளுக்கான சார்பை யாரும் எழுதித்தர மாட்டார்கள்.

ஆர்பிஎம் குடும்பத்தில்

ஃபெடோரா, ரெட் ஹாட், அல்மாலினக்ஸ், ஓபன்சூசே ஆகியவற்றில் ஸ்கிரிப்ட்கள், பொதியை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஸ்பெக் கோப்பிலேயே எழுதப்படுகின்றன: %பிரீ, %போஸ்ட், %பிரீஅன், %போஸ்ட்அன். இங்கே எந்தக் கட்டத்துக்கு எது வேண்டும் என்பதைச் சார்பு வரியிலேயே சொல்ல முடியும். எனக்கு டெபியனின் முறையைவிட இது தெளிவாகப் படுகிறது. ஸ்பெக் கோப்பைப் படிப்பவருக்கு ஒவ்வொரு சார்பின் காரணமும் அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.

ஏரிமட்டத்துக்கு இப்படி எழுதுவோம். ரிக்வயர்ஸ்(பிரீ) என்று போட்டு ஷேடோ-யூட்டில்ஸ். பயனரை உருவாக்கும் யூசர்ஆட் கட்டளை அந்தப் பொதியில்தான் இருக்கிறது. ரிக்வயர்ஸ்(போஸ்ட்) என்று போட்டு எஸ்க்யூலைட். சிஸ்டம்டிக்கு போஸ்ட், பிரீஅன், போஸ்ட்அன் மூன்றும் வேண்டும். அதற்கென்றே சிஸ்டம்டி_ரிக்வயர்ஸ் என்ற மேக்ரோ இருக்கிறது, அது மூன்று வரிகளாக விரியும். பழைய ஸ்பெக் கோப்புகளில் பிரீரெக் என்ற புலத்தைப் பார்த்தால் அதை இந்தப் புதிய வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

டெபியனில் பயனரைப் போஸ்ட்இன்ஸ்ட்டில் உருவாக்கலாம் என்றோம். ஆர்பிஎம்மில் %பிரீயில் உருவாக்குவதுதான் மரபு. இங்கே கோப்பின் உரிமையாளர் பெயர் பொதிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். கோப்புகளை வட்டில் வைக்கும்போதே ஏரி என்ற பயனர் இருக்க வேண்டும். இல்லையென்றால், அப்படி ஒரு பயனர் இல்லை, ரூட்டைப் பயன்படுத்துகிறேன் என்று எச்சரித்துவிட்டு எல்லாவற்றையும் ரூட்டுக்குச் சொந்தமாக வைத்துவிடும். நிறுவல் வெற்றி. சேவை தொடங்கும்போது, தன் கோப்புறையில் எழுத அனுமதி இல்லை என்று விழும். இந்தப் பிழையைப் பார்ப்பவர் கோப்பு அனுமதியை ஆராய்வார், பாதுகாப்பு அமைப்பான எஸ்இலினக்ஸைச் சந்தேகிப்பார். உண்மையான காரணமோ விட்டுப்போன ஒரு ரிக்வயர்ஸ்(பிரீ) வரி.

அடைப்புக்குறி இல்லாத சாதாரண ரிக்வயர்ஸ் போதாதா? பல நேரம் போதும்போலத் தெரியும். சார்பாக உள்ள பொதியை முதலில் நிறுவத்தான் ஆர்பிஎம் முயலும். ஆனால் சார்புகளில் சுழல் வந்துவிட்டால், அதாவது அ என்ற பொதி ஆ-வைக் கேட்க, ஆ திரும்ப அ-வைக் கேட்டால், எங்காவது வெட்டியாக வேண்டும். அப்போது முதலில் வெட்டுப்படுவது சாதாரண ரிக்வயர்ஸ். ஸ்கிரிப்ட்டுக்கானது என்று குறித்தவற்றைக் கடைசிவரை காப்பாற்றப் பார்க்கும். இருக்கும் கணினியில் ஒரே ஒரு பொதியைச் சேர்க்கும்போது சுழல் வராது. முழு இயங்குதளத்தையும் புதிதாக நிறுவும்போதோ, தனித்து ஓடும் சிறு சூழலுக்கான கண்டெய்னர் படிமம் உருவாக்கும்போதோ நூற்றுக்கணக்கான பொதிகள் ஒரே பரிவர்த்தனையில் வரும். சுழல்கள் அங்கேதான் வெளிப்படும். என் கணினியில் வேலை செய்கிறதே என்ற வாதம் இதனால்தான் செல்லுபடியாவதில்லை.

இதன் மறுபக்கமும் கவனிக்க வேண்டியது. ரிக்வயர்ஸ்(பிரீ), ரிக்வயர்ஸ்(போஸ்ட்) இரண்டும் நிறுவும் நேரத்துக்கானவை. நிறுவிய பின் அந்தப் பொதியை நீக்க ஆர்பிஎம் அனுமதித்துவிடும். ஓடும் நிரலுக்கும் அதே பொதி தேவையென்றால் சாதாரண ரிக்வயர்ஸ் வரியையும் தனியாக எழுதுங்கள். இரண்டு வரி இருப்பது தவறு அல்ல.

ஸ்கிரிப்ட்டை ஓட்டும் ஷெல்லுக்கான சார்பை ஆர்பிஎம் தானே சேர்க்கும். உள்ளே அழைக்கும் கட்டளைகளை அது படித்துப் பார்ப்பதில்லை. இன்னொரு விதிவிலக்கு %பிரீடிரான்ஸ். முழுப் பரிவர்த்தனைக்கும் முன்னால் ஓடும் ஸ்கிரிப்ட் அது. வெற்று வட்டில் முதல்முறை நிறுவும்போது அந்தக் கட்டத்தில் ஷெல்கூட இருக்காது. ஆகவே அதை ஆர்பிஎம்முக்குள்ளேயே இருக்கும் லுவா மொழியில்தான் எழுத வேண்டும்.

மேம்படுத்தலின்போது ஓடும் வரிசையைத் தெரிந்துகொள்வது முக்கியம்: புதியதன் %பிரீ, புதிய கோப்புகள், புதியதன் %போஸ்ட், பிறகு பழையதன் %பிரீஅன், பழைய கோப்புகளின் நீக்கம், பழையதன் %போஸ்ட்அன். அதாவது நீக்கும் ஸ்கிரிப்ட் கடைசியில் ஓடுகிறது, அதுவும் பழைய பதிப்பிலிருந்து. ஸ்கிரிப்ட்டுக்கு வரும் முதல் அளவுரு $1, அந்தப் பொதியின் எத்தனை பதிப்புகள் மிஞ்சும் என்ற எண். முதல் நிறுவலில் %போஸ்ட்டுக்கு 1, மேம்படுத்தலில் 2. நீக்கும் ஸ்கிரிப்ட்களுக்கு மேம்படுத்தலில் 1, உண்மையான நீக்கத்தில் 0. இதைப் பார்க்காமல் %போஸ்ட்அன்னில் தரவுக் கோப்புறையை அழித்தால், புதிய பதிப்பு வந்த அன்றே ஏரிகளின் பழைய பதிவுகள் எல்லாம் போய்விடும்.

%பிரீஅன்னில் ஒரு கட்டளை இல்லாமல் பிழையோடு முடிந்தால் பழைய பொதி நீங்காமல் நிற்கும். புதிய பதிப்பில் திருத்திவிட்டேன் என்பது உதவாது. ஓடுவது ஏற்கெனவே பயனரின் கணினியில் இருக்கும் பழைய ஸ்கிரிப்ட். ஸ்கிரிப்ட்களை ஓட்டாமல் நீக்கும் நோஸ்கிரிப்ட்ஸ் விருப்பத்தைக் கையால் கொடுக்க வேண்டிவரும். நீக்கும் பக்கத்துச் சார்புகளில் கூடுதல் கவனம் வேண்டும் என்று சொல்வது இதனால்.

ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் ஸ்கிரிப்ட் தோற்றால் ஒரு செய்தி வரும், வேலை தொடரும். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் வகையில் ஷெல், பல கட்டளைகளை ஒன்றாக அடக்கிய பிஸிபாக்ஸிலிருந்து வருகிறது, பாஷ் இருக்காது. ஆட்யூசர் அங்கேயும் உண்டு, ஆனால் அது பிஸிபாக்ஸின் ஆட்யூசர், டெபியனின் நீளமான விருப்பங்கள் அப்படியே செல்லாது. ஃபெடோராவில் அதே பெயர் யூசர்ஆட்டுக்கு இன்னொரு பெயர் மட்டுமே. ஒரு டிஸ்ட்ரோவின் ஸ்கிரிப்ட்டை இன்னொன்றுக்கு நகலெடுப்பவர்கள் இங்கே வழுக்குகிறார்கள்.

பட்டியலைத் தயாரிப்பது

ஸ்கிரிப்ட்டை வரிவரியாகப் படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் முதலில் வரும் சொல்லை, குழாய்க்குறிக்குப் பின் வரும் சொல்லை, பின்சாய்வு மேற்கோளுக்குள் வரும் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். இஃப், எக்கோ, டெஸ்ட் போன்ற ஷெல்லின் சொந்தக் கட்டளைகளை அடித்துவிடுங்கள். மீதமுள்ள ஒவ்வொன்றும் எந்தப் பொதியிலிருந்து வருகிறது என்று பாருங்கள். டெபியனில் டிபிகேஜி -எஸ் (பெரிய எழுத்து) கட்டளையும், நிறுவாத பொதிகளுக்கு ஆப்ட்-ஃபைலும் சொல்லும். ஆர்பிஎம்மில் ஆர்பிஎம் -கியூஎஃப். நிறுவாதவற்றுக்கு, ஃபெடோராவில் ஆப்ட்டின் இடத்தில் இருக்கும் டிஎன்எஃப் கருவியின் டிஎன்எஃப் புரொவைட்ஸ். விச் என்ற கட்டளையைக்கூட நம்பாதீர்கள். மெலிந்த கண்டெய்னர் படிமங்களில் அது இல்லாமல் போகலாம். கமாண்ட் -வி போதும்.

பிறகு பதிப்பைப் பாருங்கள். அட்டவணையில் ஏரி ஏற்கெனவே இருந்தால் உயரத்தைப் புதுப்பி, இல்லாவிட்டால் சேர் என்று ஒரே கூற்றில் எழுதும் வசதி எஸ்க்யூலைட்டில் 3.24 பதிப்பில், 2018இல், வந்தது. அதைப் பயன்படுத்தினால் சார்பு வரியிலும் 3.24 அல்லது அதற்கு மேல் என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் பழைய சர்வரில் கட்டளை இருக்கும், தொடரியல் பிழை வரும். இன்சர்ட் ஆர் இக்னோர் என்ற பழைய வடிவம் போதுமென்றால் பதிப்பு நிபந்தனையே தேவையில்லை.

ரெகமெண்ட்ஸில், அதாவது பரிந்துரையில், எழுதியதை ஸ்கிரிப்ட் நம்பக்கூடாது. சர்வர்களிலும் கண்டெய்னர்களிலும் பரிந்துரைகளை வேண்டாம் என்று அணைத்துவைப்பது வழக்கம்.

சார்பை எழுதாமல் சமாளிக்கும் வழிகள்

எஸ்க்யூலைட்3 இல்லையென்றால் போஸ்ட்இன்ஸ்ட்டுக்குள்ளேயே ஆப்ட்-கெட் இன்ஸ்டால் எழுதிவிடலாமே என்ற யோசனை அடிக்கடி வரும். அது ஓடாது. வெளியே ஓடிக்கொண்டிருக்கும் ஆப்ட் ஏற்கெனவே டிபிகேஜியின் பூட்டை வைத்திருக்கிறது. உள்ளே அழைத்த ஆப்ட் பூட்டு கிடைக்கவில்லை என்று விழும். ஆர்பிஎம் ஸ்கிரிப்ட்டுக்குள் டிஎன்எஃப் அழைத்தாலும் பரிவர்த்தனைப் பூட்டில் அதே கதி.

பைத்தான் நூலகங்களை இணையத்திலிருந்து இறக்கும் பிப் இன்ஸ்டால் எழுதுவது இன்னொன்று. இணையம் இல்லாத ஆய்வகத்தில் அது தோற்கும். டெபியன் 12 முதல், இந்தச் சூழலை வெளியிலிருந்து நிர்வகிக்கிறார்கள் என்று சொல்லி பிப் மறுத்தும்விடும். தேவையான பைத்தான் நூலகம் பொதியாகக் கிடைத்தால் அதைச் சார்பாக எழுதுங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் பொதிக்குள்ளேயே சேர்த்துக் கட்டுங்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு வரியின் முடிவிலும் தோல்வியை விழுங்கும் குறியைப் போடுவது. ஆர்பிஎம்மில் ஸ்கிரிப்ட் சுழியத்தோடு முடிய வேண்டும் என்ற வழிகாட்டுதல் இருப்பதால் இது பரவலாகக் காணப்படும். சேவையை மறுதொடக்கம் செய்யும் வரி போன்ற, தோற்றாலும் பாதகமில்லாத இடத்தில் சரி. பயனரை உருவாக்கும் வரியில் போட்டால் மேலே சொன்ன ரூட் உரிமைக் கோளாறை நீங்களே மூடி மறைக்கிறீர்கள்.

சார்பை முறையாக எழுதினால் கிடைக்கும் பெரிய நன்மை இது: உள்ளூர் மிரரில், அதாவது பொதிக் களஞ்சியத்தின் நகலில், எஸ்க்யூலைட்3 இல்லையென்றால் ஆப்ட்டும் டிஎன்எஃப்பும் ஒரு கோப்பையும் தொடுவதற்கு முன்பே மறுத்துவிடும். கணினி பழைய நிலையிலேயே பத்திரமாக இருக்கும்.

சிஸ்டம்டி பற்றியும் ஒரு வார்த்தை. பொதி இருப்பதும் அது ஓடிக்கொண்டிருப்பதும் வேறு. கண்டெய்னருக்குள் சிஸ்டம்சிடிஎல் கட்டளை இருந்தாலும் பேசுவதற்கு மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள். டெப்ஹெல்பர் எழுதும் துண்டுகள் ரன், சிஸ்டம்டி, சிஸ்டம் என்ற கோப்புறைப் பாதை இருக்கிறதா என்று முதலில் பார்க்கின்றன. நீங்களும் பாருங்கள். சார்பு வரியால் இதைத் தீர்க்க முடியாது.

ஸ்கிரிப்ட்டையே குறைப்பது

சார்பைச் சரியாக எழுதுவதைவிட நல்லது, எழுத வேண்டிய ஸ்கிரிப்ட்டே இல்லாமல் செய்வது. பயனரை உருவாக்க, வேண்டிய பயனர்களைப் பட்டியலிடும் சிஸ்யூசர்ஸ் கோப்பு ஒன்றை வைத்தால் போதும். 2023இல் வந்த ஆர்பிஎம் 4.19 அதைத் தானே படித்துப் பயனரை உருவாக்கும். டெபியனில் டெப்ஹெல்பர் அதற்கான துண்டையும் சார்பையும் சேர்க்கும். கோப்புறையை உருவாக்க அதேபோல டிஎம்பிஃபைல்ஸ் கோப்பு. நூலகப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் அழைப்பு ஃபெடோரா 28 முதல் ஸ்பெக் கோப்பில் தேவையில்லை. குறிப்பிட்ட இடத்தில் கோப்பு வந்தால் தாமே ஓடும் கோப்புத் தூண்டிகள் அதைக் கவனித்துக்கொள்கின்றன. ஏரிமட்டத்தின் அட்டவணையை உருவாக்கும் வேலையை நிரலே முதல்முறை ஓடும்போது செய்துகொள்ளட்டும். பைத்தானின் நூலகம் ஏற்கெனவே இருக்கிறது. எஸ்க்யூலைட்3 கட்டளைக்கான சார்பு அப்போது தேவையே இல்லை.

சோதிக்கும் விதம்

உங்கள் கணினியில் சோதிக்காதீர்கள். டெபியனுக்கு, அடிப்படை அமைப்பை உருவாக்கும் டெப்பூட்ஸ்ட்ராப்பின் மின்பேஸ் வகையில் உருவாக்கிய சூழல் அல்லது டெபியனின் ஸ்லிம் கண்டெய்னர் படிமம். ஃபெடோராவுக்கு மினிமல் படிமம். பொதிக் கோப்பை உள்ளே நகலெடுத்து, பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் வைத்து ஆப்ட் இன்ஸ்டால் கொடுங்கள். டிபிகேஜி -ஐ கொடுத்தால் சார்புகளை அது இறக்காது, அதனால் சோதனையே தவறாகிவிடும். பரிந்துரைகளை அணைத்து ஒருமுறை, அணைக்காமல் ஒருமுறை நிறுவுங்கள்.

நிறுவிய பின் பயனர் இருக்கிறாரா, கோப்புறை யாருக்குச் சொந்தம், அட்டவணையில் நான்கு ஏரிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆர்பிஎம்மில் திரையில் வந்த வெளியீட்டைக் கோப்பில் சேமித்து, வார்னிங் என்ற சொல்லைத் தேடுங்கள். அதே பொதியை மறுபடி நிறுவுங்கள். இரண்டாம் முறை ஓடும்போது அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது என்று ஸ்கிரிப்ட் விழக்கூடாது. அடுத்து நீக்குங்கள். டெபியனில் நீக்கிய பின், ஆப்ட் ஆட்டோரிமூவ் ஓட்டி, ஆட்யூசரையும் கையால் நீக்கிவிட்டு, அதன் பிறகு பர்ஜ் செய்யுங்கள். போஸ்ட்ஆர்எம்மின் குறைகள் இந்த வரிசையில்தான் வெளிவரும். பியூபார்ட்ஸ் என்ற கருவி நிறுவல், மேம்படுத்தல், நீக்கம், துடைப்பு எல்லாவற்றையும் சுத்தமான சூழலில் தானே செய்துபார்த்து, விட்டுச்சென்ற கோப்புகளையும் பட்டியலிடும்.

மேம்படுத்தல் சோதனைக்கு முந்தைய பதிப்பின் பொதிக் கோப்பு வேண்டும், ஏனென்றால் நீக்கும் பக்கத்தில் ஓடப்போவது அதன் ஸ்கிரிப்ட்கள். வெளியிட்ட ஒவ்வொரு பதிப்பையும் அழிக்காமல் ஒரு கோப்புறையில் வைத்திருங்கள். கடைசிப் பதிப்பிலிருந்து மட்டும் சோதித்தால் போதாது. பயனர்கள் இரண்டு மூன்று பதிப்புகளைத் தாண்டித்தான் மேம்படுத்துவார்கள்.